இறப்புப் பதிவேட்டில் ஒரு மே மாதம்

எந்த நகராட்சி அலுவலகத்துக்குப் போனாலும் பிறப்பு, இறப்புப் பதிவுக்கென்று ஒரு ஜன்னல் இருக்கும். வீட்டில் ஒருவர் இறந்தால் யாராவது அதன் முன் வந்து நின்றாக வேண்டும். பெயர், வயது, தேதி, இடம், காரணம். சான்றிதழ் கைக்கு வந்ததும் குடும்பத்தார் வங்கி, வாரிசு, காப்பீடு என்று அலையப் போய்விடுவார்கள். உள்ளே பதிவேட்டில் ஒரு வரி கூடியிருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு வரியும் ஒரு வீட்டின் துக்கம். ஒரு மாதத்து வரிகளைச் சேர்த்து எண்ணினால் ஊரின் உடல்நிலை தெரியும்.

அகமதாபாத் நகரத்தில் 2010ஆம் ஆண்டு மே மாதத்து வரிகளை ஆய்வாளர்கள் அப்படித்தான் எண்ணினார்கள். மொத்தம் 4,462 இறப்புகள். 2009 மே, 2011 மே ஆகியவற்றின் சராசரி 3,118. அதாவது, வழக்கமான மே மாதத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள். 43 சதவீத உயர்வு. நாளொன்றுக்கு நூறு பேர் இறக்கும் ஊரில் அந்த மாதம் முழுக்கச் சராசரியாக 144 பேர் இறந்திருக்கிறார்கள். சபர்மதியில் வெள்ளம் வரவில்லை. நிலம் அதிரவில்லை. வெயில் அடித்தது, அவ்வளவுதான். மே 21 அன்று வெப்பமானி 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது.

சென்ற அத்தியாயத்தில் புயலைப் பார்த்தோம். புயல் வந்து போனால் விழுந்த மரம், பறந்த கூரை, முறிந்த மின்கம்பம் என்று சாட்சிகள் நிற்கும். வெயிலுக்கு அப்படிச் சாட்சி கிடையாது. ஒரு பேரிடர் நடந்து முடிந்தது என்பதையே கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்குக்கான ஏடு உள்ளாட்சியின் அலமாரியில் இருக்கிறது. அங்கிருந்துதான் இந்த அத்தியாயம் தொடங்குகிறது.

காரணம் என்ற கட்டம்

எழுபது வயதுப் பெரியவர் ஒருவர். தகரக் கூரை வீடு. ஏற்கெனவே இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர். மூன்று நாள் கடும் வெயிலுக்குப் பிறகு நான்காம் நாள் விடியற்காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. மருத்துவர் என்ன எழுதுவார்? மாரடைப்பு என்று எழுதுவார். அதில் பொய் இல்லை, இதயம்தான் நின்றது. ஆனால் அந்த வாரம் மழை பெய்து குளிர்ந்திருந்தால் அவர் எழுந்து காபி கேட்டிருப்பார் என்பதும் உண்மை.

வெப்பத்தால் நேரும் இறப்புகளில் பெரும்பகுதி இப்படித்தான் இதயம், சிறுநீரகம், நுரையீரல் ஆகியவற்றின் பெயர்களுக்குள் ஒளிந்துகொள்கிறது. ஹீட் ஸ்ட்ரோக் என்று வெளிப்படையாக எழுதப்படுவது சிறு பகுதி. அதனால் அறிவியலார் காரணம் என்ற கட்டத்தை நம்பி நிற்பதில்லை. எல்லா இறப்புகளையும் எண்ணி, வழக்கமான எண்ணிக்கையைக் கழித்து, மிச்சத்தைப் பார்க்கிறார்கள். மிகை இறப்பு என்று இதற்குப் பெயர். 2003ஆம் ஆண்டு கோடையில் ஐரோப்பாவில் சுமார் 70,000 பேர் வெப்பத்தால் இறந்தார்கள் என்று நாம் அறிந்ததும் இந்தக் கழித்தல் கணக்கால்தான்.

உடலுக்குள் நடப்பது

சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. பழைய குண்டு பல்பு ஒன்று எரிவதைப் போல. மண் சுமக்கும்போதோ செங்கல் ஏற்றும்போதோ அது நான்கைந்து மடங்காகிறது. இந்த வெப்பம் வெளியேறியே ஆக வேண்டும். உள்ளுடலை 37 டிகிரியை ஒட்டி வைத்திருக்க உடலுக்கு இரண்டு முக்கிய வழிகள் உண்டு.

முதல் வழி, இரத்தத்தைத் தோலுக்கு அனுப்புவது. தோலின் வெப்பநிலை 35 டிகிரியை ஒட்டியிருக்கும். வெளிக் காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை வெப்பம் தானாக வெளியே போகும். காற்று 35 டிகிரியைத் தாண்டினால் கதை தலைகீழ். வெளியிலிருந்து வெப்பம் உடலுக்குள் வரத் தொடங்குகிறது. 40 டிகிரிக்கு மேல் மின்விசிறி மட்டும் உயிர் காக்காது என்று மருத்துவர்கள் எச்சரிப்பது இதனால்தான். அப்போது அது வீசுவது அடுப்புக் காற்று.

இரண்டாவது வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மனிதனுக்கு இயற்கை கொடுத்திருக்கும் மிகச் சிறந்த குளிர்விப்பான் இதுதான். ஆனால் வியர்வை வழிந்து சொட்டினால் பயனில்லை, ஆவியாக வேண்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாகாது. கடலோர ஊர்க்காரர்கள் புழுக்கம் என்று ஒரே சொல்லில் சொல்வது இந்த இயற்பியலைத்தான்.

இந்த இரண்டு வேலைகளுக்கும் விலை உண்டு. தோலுக்கு இரத்தம் அனுப்ப இதயம் வேகமாக அடிக்க வேண்டும். வியர்த்து நீர் குறையக் குறைய இரத்தம் கெட்டிப்படுகிறது. சிறுநீரகத்துக்குப் போகும் ஓட்டம் குறைகிறது. குடலுக்குப் போகும் இரத்தமும் குறைவதால் அதன் உட்சுவர் பலவீனப்பட்டு, அங்கே அடைபட்டிருக்க வேண்டிய நச்சுகள் இரத்தத்தில் கலக்கின்றன. உள்ளுடல் 40 டிகிரியைத் தாண்டி, மூளை தடுமாறத் தொடங்கினால் அது ஹீட் ஸ்ட்ரோக். பேச்சு குழறும், மயக்கம் வரும். அந்த நிலையில் காய்ச்சல் மாத்திரை உதவாது. காய்ச்சலில் உடல் தானே தன் வெப்ப இலக்கை உயர்த்திக்கொள்கிறது. மாத்திரை அந்த இலக்கை இறக்குகிறது. இங்கே இலக்கு மாறவில்லை, வெப்பத்தை வெளியேற்றும் திறன்தான் தோற்றுவிட்டது. தண்ணீரும் பனிக்கட்டியும்தான் மருந்து. அதுவும் உடனே.

இளைஞர் ஒருவரின் இதயம் இந்தச் சுமையைச் சில நாள் தாங்கும். முதியவரின் இதயம் தாங்காது. பகலில் பட்ட பாட்டை இரவில் ஆற்றிக்கொள்ள உடல் காத்திருக்கிறது. நகரத்தில் அந்த ஆறுதலும் கிடைப்பதில்லை. கான்கிரீட்டும் தாரும் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவெல்லாம் உமிழ்கின்றன. வெயில் தெருவில் அடிக்கிறது. உயிர் போவது பெரும்பாலும் வீட்டுக்குள், பல நாள் சுமை சேர்ந்த பிறகு.

ஊருக்கு ஓர் எண்

2010க்குப் பிறகு அகமதாபாத் மாநகராட்சி ஒரு நல்ல காரியம் செய்தது. காந்திநகரில் உள்ள இந்தியப் பொதுச் சுகாதாரக் கழகத்தோடும் வெளிநாட்டு ஆய்வாளர்களோடும் உட்கார்ந்து தன் இறப்புப் பதிவுகளையும் தன் வெப்பநிலைப் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. எத்தனை டிகிரியில் இந்த ஊரில் சாவு கூடத் தொடங்குகிறது என்பதே கேள்வி. அந்த விடையிலிருந்து பிறந்ததுதான் 2013ஆம் ஆண்டு கோடையில் நடைமுறைக்கு வந்த வெப்பச் செயல் திட்டம். தெற்காசியாவில் ஒரு நகரம் இப்படித் திட்டம் வகுத்தது அதுவே முதல் முறை.

திட்டத்தின் முதுகெலும்பு மூன்று நிறங்கள். முன்கணிப்பு 41.1 டிகிரிக்கும் 43க்கும் இடையே இருந்தால் மஞ்சள். 43.1 முதல் 44.9 வரை ஆரஞ்சு. 45ஐத் தொட்டால் சிவப்பு. சில நாள்கள் முன்னதாகவே வெப்பநிலையைக் கணித்துச் சொல்ல ஏற்பாடு செய்யப்பட்டது. எச்சரிக்கையை யார் பெறுவது, பெற்றவர் யாருக்குச் சொல்வது, சொல்லப்பட்டவர் என்ன செய்வது என்று கடைசிக் கண்ணிவரை எழுதிவைத்தார்கள். எல்லாக் கண்ணிகளும் வந்து சேரும் இடமாக மாநகராட்சியின் சுகாதாரத் துறையில் ஒரு பொறுப்பு அதிகாரி.

அறிவியல் நூலில் இந்த அலுவலக ஏற்பாட்டை விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாளை 45 டிகிரி என்று வானிலை ஆய்வாளர் சொல்லும் செய்தி, வார்டில் ஒரு வீட்டுப் படியேறி, மாத்திரை சாப்பிடும் ஒரு பாட்டியின் காதில் விழும்வரை அது வெறும் எண். அந்த இடைவெளியை இயற்பியல் கடக்காது. யாராவது நடந்து போய்க் கடக்க வேண்டும். எந்தக் குடிசைப் பகுதியில் தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும், எந்தத் தெருவில் தனியாக இருக்கும் முதியவர்கள் அதிகம், எந்தக் கட்டட வேலைத்தளத்தில் நிழல் இல்லை என்பதெல்லாம் தில்லியில் இருப்பவருக்குத் தெரியாது. வார்டில் தினமும் நடக்கும் சுகாதாரப் பணியாளருக்குத் தெரியும்.

ஆகவே கோடைக்கு முன்பே இந்தப் பணியாளர்களுக்கும் மருத்துவர்களுக்கும் ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும் பயிற்சி தரப்பட்டது. ஹீட் ஸ்ட்ரோக்கை எப்படி அடையாளம் காண்பது, முதலில் எப்படிக் குளிர்விப்பது என்பது பாடம். ஆம்புலன்ஸில் பனிக்கட்டிப் பைகள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள். கைப்பேசிக் குறுஞ்செய்திகள், சுவரொட்டிகள். நடுப்பகலில் பூட்டப்படும் பூங்காக்கள் எச்சரிக்கை நாள்களில் திறந்திருக்கும். பரப் என்ற குடிநீர்ப் பந்தல் குஜராத்தில் காலங்காலமாக உள்ள வழக்கம். நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தலுக்கு அக்கா தங்கை முறை. அதையும் திட்டம் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது.

பட்டியலைப் படித்தால் இதில் எதுவுமே பெரிய கண்டுபிடிப்பு இல்லை என்று தோன்றும். உண்மைதான். ஒவ்வொன்றும் ஏற்கெனவே தெரிந்த வேலை. எந்த நாளில், எந்த வரிசையில், யார் பொறுப்பில் என்பதைக் கோடைக்கு முன்பே முடிவு செய்ததுதான் புதிது.

மேல் மாடித் தொட்டில்கள்

2010 வெப்பத்தைப் பற்றிய ஆய்வுகளில் என்னை மிகவும் உலுக்கியது பச்சிளங்குழந்தைகளைப் பற்றியது. அகமதாபாத் மருத்துவமனை ஒன்றில் பிறந்த குழந்தைகளில் எத்தனை பேர் வெப்பப் பாதிப்போடு தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டார்கள் என்று பார்த்தார்கள். பகல் வெப்பம் 42 டிகிரியைத் தாண்டிய பிறகு, கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் அந்தச் சேர்க்கை 43 சதவீதம் உயர்ந்திருந்தது. பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு வியர்க்கும் திறன் முழுதாக வரவில்லை. தாகம் என்று சொல்லத் தெரியாது. துணியை உதறத் தெரியாது.

அந்த மருத்துவமனையில் மகப்பேறு வார்டு மேல் மாடியில், வெயில் காயும் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்தது. வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். பாதிப்பு குறைந்தது. கட்டில்களையும் தொட்டில்களையும் இறக்கிவைத்தார்கள், அவ்வளவுதான். பேரிடர்த் தணிப்பு என்றதும் நம் மனக்கண்ணில் அணையும் தடுப்புச் சுவரும் வந்து நிற்கின்றன. இங்கே அது ஒரு படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கி வந்தது.

அதே இயற்பியல் குடிசைகளிலும் வேலை செய்கிறது. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் கூரை மீது ஏறக்குறைய 1,000 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. துருப்பிடித்த தகரமோ கறுத்த ஆஸ்பெஸ்டாஸோ அதில் பெரும்பகுதியை விழுங்கி, கீழே இருப்பவர் தலை மேல் வெப்பக் கதிராக இறக்குகிறது. வெள்ளை பூசிய கூரை பெரும்பகுதியை வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். உள்ளே சில டிகிரி குறையும். சில டிகிரி என்பது சின்ன விஷயம் இல்லை. மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் இடையே உள்ள தூரமே இரண்டு டிகிரிதான். 2017ஆம் ஆண்டு அகமதாபாத் எளிய குடியிருப்புகளில் 3,000 கூரைகளுக்கு வெள்ளை பூசும் முயற்சியைத் தொடங்கியது. மொட்டை மாடியில் சுண்ணாம்பு அடிக்கும் நம் வீட்டுப் பழக்கம் ஒரு மாநகராட்சியின் உயிர்காப்புத் திட்டத்துக்குள் நுழைந்த தருணம் அது.

தட்டப்படாத கதவுகள்

வெயிலைப் பற்றிய பாடத்தை உலகுக்கு மிகக் கசப்பாகச் சொன்ன நகரம் சிகாகோ. 1995 ஜூலை நடுவில் அங்கே வெப்பம் 41 டிகிரியைத் தொட்டது. காற்றில் ஈரமும் மிகுந்திருந்தது. ஒரே வாரத்தில் 739 மிகை இறப்புகள். சடலங்களை வைக்க இடமில்லாமல் குளிரூட்டிய லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். செல்வம் கொழிக்கும் நாட்டின் பெருநகரம் அது.

யார் இறந்தார்கள், யார் பிழைத்தார்கள் என்று வீடு வீடாக ஒப்பிட்டுப் பார்த்த மருத்துவ ஆய்வு ஒன்று மறு ஆண்டு வெளிவந்தது. படுக்கையில் கிடந்தவர்கள், தனியாக வாழ்ந்தவர்கள், வீட்டைவிட்டு வெளியே வராதவர்கள் ஆகியோருக்கே ஆபத்து மிக அதிகம் என்று அது காட்டியது. ஏர் கண்டிஷனர் காப்பாற்றியது. அதோடு வெளியே போகத் துணையும் வாகனமும் கிடைத்தவர்களுக்கும் ஆபத்து குறைந்தது. சமூகவியலாளர் எரிக் கிளினென்பெர்க் பிறகு அக்கம்பக்கத்திலுள்ள இரண்டு ஏழைப் பகுதிகளை ஒப்பிட்டார். கடைகளும் நடமாட்டமும் நிறைந்த தெருக்கள் கொண்ட பகுதியில் முதியவர்கள் வெளியே வந்தார்கள், பிழைத்தார்கள். கடைகள் மூடிப் பாழடைந்த பகுதியில் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டவர்கள் உள்ளேயே இறந்தார்கள்.

அதன் பிறகு சிகாகோ தனியாக இருக்கும் முதியவர்களைத் தேடிச் சென்று நலம் விசாரிக்கத் தொடங்கியது. 1999இல் மீண்டும் வெப்ப அலை வந்தபோது இறந்தவர்கள் ஏறக்குறைய 110 பேர். அதுவும் பெருந்துயரம்தான், ஆனால் நான்கு ஆண்டுகளுக்கு முன் இருந்த எண்ணிக்கையில் அது சிறு பங்கு. வெப்பமானியைப் போலவே கதவைத் தட்டும் கையும் ஒரு பேரிடர்க் கருவி.

பலன் கிடைத்ததா?

திட்டம் போட்டோம், வெயில் வந்தது, சாவு குறைந்தது என்று சொல்லிவிடுவது எளிது. அந்த ஆண்டு வெயிலே குறைவாக இருந்திருக்கலாமே என்று யாரும் கேட்கலாம். அதனால் ஆய்வாளர்கள் ஒரே வெப்பநிலையை இரண்டு காலங்களில் ஒப்பிட்டார்கள். திட்டத்துக்கு முந்தைய 2007 முதல் 2010 வரையான ஆண்டுகள் ஒரு பக்கம். பிந்தைய 2014, 2015 மறுபக்கம். முந்தைய காலத்தில், மிதமான நாளில் 100 பேர் இறக்கும் இடத்தில் 47 டிகிரி நாளில் 234 பேர் இறக்கும் அளவுக்கு ஆபத்து இருந்தது. திட்டத்துக்குப் பிறகு அதே 47 டிகிரியில் அது 125 ஆகக் குறைந்திருந்தது. ஆண்டுக்குச் சராசரியாக 1,190 இறப்புகள் தவிர்க்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள்.

இந்த எண்ணை எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நகரத்தைத் திட்டத்தோடும் இன்னொன்றைத் திட்டமில்லாமலும் சோதனைக்கூடத்தில் வைத்துப் பார்த்த முடிவு அல்ல இது. அந்த ஆண்டுகளில் வருமானமும் மின்வசதியும் கூட மாறியிருக்கலாம். ஆனாலும் வெயில் குறையாமலேயே சாவு குறைய முடியும் என்று காட்ட இது போதும். 2016ஆம் ஆண்டு மே 20 அன்று அகமதாபாத் 48 டிகிரியைக் கண்டது. நூறாண்டுச் சாதனை முறிந்தது. இயற்கை தன் பங்கைக் கூட்டிக்கொண்டேதான் போகிறது. நம் பங்கை மாற்றுவதுதான் நம் கையில் இருக்கிறது.

நகலெடுக்க முடியாத திட்டம்

அகமதாபாத்துக்குப் பிறகு பல நகரங்களும் மாநிலங்களும் வெப்பச் செயல் திட்டம் எழுதத் தொடங்கின. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. அகமதாபாத்தின் 41 டிகிரி சென்னைக்குப் பொருந்தாது. இந்திய வானிலைத் துறையே வெப்ப அலை என்று சொல்லச் சமவெளிக்கு 40 டிகிரி, கடலோரத்துக்கு 37, மலைப்பகுதிக்கு 30 என்று வெவ்வேறு தொடக்க அளவுகளை வைத்திருக்கிறது. வேலூரின் காய்ந்த கத்திரி வெயிலும் தூத்துக்குடியின் புழுக்கமும் ஒரே உடலை வேறு வேறு வழியில் தாக்குகின்றன. பகல் வெப்பத்தை மட்டும் பார்க்கும் திட்டம், ஈரக் காற்றையும் ஆறாத இரவையும் தவறவிட்டுவிடும்.

இந்தியாவின் 37 வெப்பச் செயல் திட்டங்களை 2023இல் ஓர் ஆய்வு அலசியது. யாருக்கு, எங்கே ஆபத்து அதிகம் என்று முறையாகக் கணித்தவை அவற்றில் இரண்டே இரண்டு. பணம் எங்கிருந்து வரும் என்று பேசியவை 11. மற்றவை நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்ட காகிதங்கள். பணமும் பொறுப்பாளரும் இல்லாத திட்டம், எச்சரிக்கை வந்த நாளில் யார் மேசையிலும் போய் உட்காராது.

தமிழ்நாட்டு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் கிடைக்க அது வழி செய்தது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் வெப்பத்தால் இறந்தார் என்று யாரோ ஒருவர் எழுதினால்தான் அந்தத் தொகை கைக்கு வரும். மீண்டும் அதே காரணம் என்ற கட்டத்துக்கு வந்துவிடுகிறோம். இறப்பை எப்படிப் பதிவது என்று மருத்துவருக்கும் ஊழியருக்கும் கற்றுத்தருவதும் ஒரு பேரிடர்த் தயாரிப்பே.

தவிர்க்கப்பட்ட 1,190 இறப்புகளில் ஒருவரைக்கூட நம்மால் பெயர் சொல்லிக் காட்ட முடியாது. வெள்ளத்தில் படகில் மீட்கப்பட்டவருக்குத் தன்னைக் காப்பாற்றியவர் யார் என்று தெரியும். சுகாதாரப் பணியாளர் சொன்னதைக் கேட்டு மத்தியானம் வேலையை நிறுத்தி நிழலில் உட்கார்ந்து மோர் குடித்தவருக்கு, தான் பிழைத்த செய்தியே தெரியாது. அவர் மாலையில் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார். நன்றி சொல்ல ஆள் இல்லாத வேலை என்பதாலேயே இது எளிதில் கைவிடப்படுகிறது. அதனாலேயே இதை எண்ணிக் காட்ட வேண்டியிருக்கிறது.

எண்ணுவதற்கு வேண்டியவை ஒவ்வொரு ஊரிலும் ஏற்கெனவே இருக்கின்றன. நகராட்சியில் ஒரு ஜன்னலுக்குப் பின்னால் இறப்புப் பதிவேடு இருக்கிறது. வானிலை நிலையத்தில் வெப்பநிலைக் குறிப்பேடு இருக்கிறது. பல ஊர்களில் இந்த இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. அவற்றை ஒரே மேசையில் விரித்து, எத்தனை டிகிரியில் நம் ஊர் சாகத் தொடங்குகிறது என்று ஒருவர் பென்சிலால் ஒரு கோடு போடும் நாளில்தான் அந்த ஊரின் திட்டம் தொடங்குகிறது.